சிரட்டையும் மண்குழாயும்

புகைக்கூட்டுக்குள் இறக்கும் ஒரு குழாயைப் பற்றி எழுத இவன் யார் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்தது பெரும்பாலும் விண்ணப்பப் படிவங்களை நிரப்பத்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நாலு பக்கம் எழுத வெளிக்கிட்டது அதிகப்பிரசங்கித்தனம் என்றே எனக்கும் படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். புகைக்கூடு துப்புரவுக்கு வந்த ஒரு பெண் எங்கள் வீட்டில் வேலை செய்த விதத்தை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நானும் மனைவியும்தான். மனைவிக்கு விரல் வலி. அதனால் நான் எழுதுகிறேன்.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் வாங்கிய வீடு, சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஒடுங்கிய வீடு, செங்குத்தான படி, நடுவில் கீழிருந்து கூரை வரை ஒரு செங்கல் புகைக்கூடு. கீழ் அறையில் இரும்பு விறகு அடுப்பு ஒன்று வீட்டோடு வந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு. எரிவாயு ஹைட்சுங்கும் இருக்கிறது, எல்லா அறையையும் சூடாக்கும். ஆனால் மனைவிக்கு அது போதாது. அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். குளிர் தொடங்கிவிட்டால் விரல்கள் பாதி மடங்கியபடியே நிற்கும். அவள் சாறிச் சட்டை தைப்பவள். கலியாண வீடு, பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்றால் எசனிலிருந்தும் வுப்பர்டாலிலிருந்தும் பெண்கள் துணியைக் கொண்டு அவளிடம் வருவார்கள். ஹைட்சுங் சூட்டில் அவள் விரல் ஊசியைப் பிடிக்காது. விறகு அடுப்புக்கு முன்னால் அரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கும். ஏன் அப்படி என்று மருத்துவரும் சொல்லவில்லை. அடுப்பு எரியாவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுக்குத் தையல் இல்லை. இவ்வளவும் நடந்தது அதற்காகத்தான்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். கோவிலில் அன்னதானச் சமையலுக்குத் தேங்காய் துருவுவது என் வேலை. பின்பக்கத்தில் இருந்து செய்யலாம், யாருடனும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் நானே கேட்டு எடுத்த வேலை அது. திருவிழா நாட்களில் துருவி முடித்த சிரட்டைகள் என் இடுப்பளவுக்குக் குவியும். அவற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிரட்டை விறகை விட நன்றாக எரியும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? அடுப்பில் நாலு சிரட்டை போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக எழும் அந்தத் தீயைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். மனைவியின் விரல்களும் சீக்கிரம் நிமிர்ந்தன. இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது.

முதல் வருடமே எங்கள் பகுதிப் புகைக்கூடு துப்புரவாளர் என் கையில் ஒரு தாளைத் தந்திருந்தார். எதை எரிக்கலாம் என்று அதில் இருந்தது. காய்ந்த விறகு, அமத்திய விறகுக்கட்டி, இன்னும் இரண்டொன்று. சிரட்டை அதில் இல்லை. நான் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். சிரட்டையும் ஒரு மரத்திலிருந்து வந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவிக்கு அந்தத் தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் மேல்மாடி அறையில், சாமிப் படங்களுக்குப் பின்னால், சுவரில் ஒரு பழுப்புக் கறை வந்தது. அந்தச் சுவருக்குள்ளால்தான் புகைக்கூடு போகிறது. நான் அதை யோசிக்கவில்லை. விளக்கும் சாம்பிராணியும் எரிகிற இடத்தில் சுவர் கறுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம்தானே.

"உம்மட விளக்குத்தான். திரியைக் கொஞ்சம் குறையும். சாம்பிராணியும் வேண்டாம்" என்று சொன்னேன்.

ஐந்து திரி ஒரு திரியானது. சாம்பிராணி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றானது. நான் சுவருக்கு வெள்ளை அடித்தேன். மூன்று கிழமையில் கறை திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாக.

செப்டெம்பர் மாதம், வரும் நாளும் நேரமும் குறித்த டெர்மின் கடிதம் வந்து, சொன்ன நேரத்துக்கு அந்தத் துப்புரவாளர் வந்தார். பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கறுப்புச் சட்டை, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், தோளில் சுருட்டிய கம்பித் தூரிகை. வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து துணி உறை இரண்டை எடுத்துக் காலில் மாட்டினார். கூரைக்கு ஏறித் தூரிகையை இறக்கினார். கீழே வந்து அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சிறு கதவைத் திறந்தபோது கரியோடு கரியாகச் சில துண்டுகள் விழுந்தன. உடைந்த கறுப்புப் போத்தல் துண்டுகள் போல மின்னின. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், மணந்து பார்த்தார். பிறகு சுவரைப் பல இடங்களில் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இனி இந்த அடுப்பை மூட்ட வேண்டாம்" என்றார். "உள்ளே தார் கண்ணாடிபோல இறுகிக் கிடக்கிறது. அது தீப்பிடித்தால் வீடு போய்விடும். புகைக்கூட்டுக்குள் புதிதாக ஒரு குழாய் இறக்க வேண்டும். எந்தக் குழாய் என்று அடுத்த கிழமை கமராவோடு வந்து பார்த்துச் சொல்கிறேன்."

டொச் மொழியில் அவர் சொன்னதை நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

செய்தி கோவிலுக்குப் போகாமல் இருக்குமா? இரண்டு நாளில், கோவிலில் என்னோடு தேங்காய் உடைக்கும் அண்ணை ஒருவர் வந்துவிட்டார். எங்கள் ஆட்களின் வீடுகளில் குழாய், மின்சாரம், கூரை எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். கையில் வெள்ளி நிறத்தில், பாம்புபோல் மடிந்து நீளும் குழாய்ச் சுருள் ஒன்று இருந்தது.

"தம்பி, உதுக்கு ஏன் டொச்காரர்? நான் மேல நிண்டு விடுறன், நீ கீழ நிண்டு இழு. ஒரு சனிக்கிழமை வேலை."

"அண்ணை, அது சூடு தாங்குமோ?"

"ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நான் போட்டு ஏழு வருசம். இண்டைக்கும் ஓடுது."

"அது சமையல் ஆவி போற குழாய் எல்லோ அண்ணை" என்று மனைவி தேத்தண்ணியை வைத்துக்கொண்டு சொன்னாள். "இது நெருப்பு."

"பிள்ளை, நீ சட்டையைத் தை. குழாயை எங்களிட்ட விடு."

அண்ணையிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுருளை வீட்டு நடையில், படிக்குக் கிட்ட வைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. டொச்சில் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லையே.

அடுத்த கிழமை அந்தப் பெண் திரும்பி வந்தபோது முதலில் தட்டுப்பட்டது அந்தச் சுருள்தான். குனிந்து பெருவிரலால் மெல்ல அமத்தினார். விரலடையாளம் அப்படியே பதிந்து நின்றது. "துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு நல்ல குழாய்" என்று சொல்லிவிட்டு, படியில் யாருக்கும் இடறாதபடி அதைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். இன்னொருவர் என்றால் எங்களுக்கு ஒரு பிரசங்கமே வைத்திருப்பார்.

சாமி அறைக்குப் போக முன் குளியலறையைக் கேட்டுக் கைகளை முழங்கை வரை கழுவினார். படங்களை எடுக்கவா என்று அவர் கேட்கவில்லை, எங்களை எடுக்கச் சொன்னார். சுவரில் கையை வைத்து, கறை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டார். பிறகு பரணிலிருந்த துப்புரவுக் கதவு வழியாகக் கமராவை இறக்கினார். சின்னத் திரையில் நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டின் உள்வயிற்றைப் பார்த்தோம். சுவர் முழுவதும் கறுப்புக் கண்ணாடி பூசியதுபோல் இருந்தது. நடுவில் மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு. சாமி அறைக்கு நேரே, வெடிப்பின் ஓரத்தால் பழுப்பு நீர் கசிந்து காய்ந்திருந்தது.

குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து அவர் மூன்று துண்டுகளை வைத்தார். ஒன்று வளையும் எவர்சில்வர் குழாய், இரண்டு தகடு சேர்ந்தது. இரண்டாவது வளையாத எவர்சில்வர் குழாய். மூன்றாவது சுட்ட மண், மங்கிய செம்மஞ்சள் நிறம், என் சுண்டுவிரல் தடிப்புக்கும் குறைவு. ஒவ்வொன்றையும் மனைவியின் பக்கம் தள்ளி, தட்டிப் பார்க்கச் சொன்னார். மனைவி விரலில் கிடந்த தையல் தொப்பியாலேயே தட்டினாள். முதலாவது கரகரத்தது. இரண்டாவது கிண்ணம்போல் ஒலித்தது. மூன்றாவது நல்ல பானையைத் தட்டியதுபோல் கேட்டது.

"இது உள்ளுக்கு வைக்கிற லைனிங்தானே?" என்று மனைவி என்னிடம் கேட்டாள். "சட்டைக்கு லைனிங் வைக்கேக்க நான் இறுக்கிப் பிடிக்கிறேல்லை. கொஞ்சம் இளக்கம் விடுவன். இல்லாட்டி வெளித்துணி இழுபட்டுக் கிழியும். இதுக்கும் அப்பிடி விட வேணுமோ எண்டு கேளுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "இருபது வீட்டுக்காரரில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை" என்றார். குழாய் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும், சுவரோடு இறுக்கிக் கட்டினால் குழாயோ சுவரோ வெடிக்கும், அதனால் சுற்றிவர இடைவெளி விட்டு மேலே தலைப்பில் அசைய விட வேண்டும். இதையெல்லாம் அவர் மனைவிக்கே சொன்னார், என்னைப் பார்க்காமல். தன் உள்ளங்கையை ஒரு சட்டைக்கைக்குள் விட்டு அசைத்துக் காட்டினார். மனைவிக்கு என் தமிழ் தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவர் வளையாத எவர்சில்வர் குழாயின் மேல் கையை வைத்தார். "உங்கள் கூடு நேரானது. விறகு மட்டும் எரித்த கூடு என்றால் இதுவே போதும். ஒரு நாளில் இறக்கிவிடலாம். ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு குளிர்காலத்தில் விறகு இப்படி ஒரு கண்ணாடியைப் பூசாது. இப்படி வெடிக்கவும் வைக்காது." என் பக்கம் திரும்பினார். "இந்த அடுப்பு விறகைத் தவிர வேறு என்ன தின்றது?"

நான் மேசையில் விரித்திருந்த பேப்பரைப் பார்த்தேன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"விறகு எங்க வாங்கினது எண்டு கேக்கிறா" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. ஏன் அப்படிச் சொன்னேன்? தண்டனைக் கடிதம் வரும் என்ற பயம். லாச்சியில் கிடந்த தாள். எல்லாவற்றையும் விட, ஒரு பெண்ணுக்கு முன்னால் விளங்கிக்கொள்ளாதவனாக நிற்க வேண்டுமே என்ற கூச்சம். ஒரு நாளில் குழாய் இறங்கிவிடும், மனைவிக்கு அடுப்பு எரியும், இனிமேல் சிரட்டை போடாமல் விட்டால் சரிதானே என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

மனைவி என் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பென்சில் கோடு போட்ட மேல்மாடியை நினைத்திருக்க வேண்டும். திடீரென்று தனக்குத் தெரிந்த டொச்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள்: "நான்தான். என் விளக்கு. ஒவ்வொரு நாளும் எண்ணெய், புகை. இவர் எனக்கு முதலே சொன்னவர். மன்னியுங்கோ."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மனைவியின் மணிக்கட்டில் கையை வைத்து, "இல்லை. உங்கள் விளக்குச் சுவருக்கு வெளியே எரிகிறது. இந்தக் கறை உள்ளேயிருந்து வருகிறது. உங்கள் விளக்கு ஒரு பிழையும் செய்யவில்லை" என்றார்.

மாதக்கணக்காக ஒரு திரியோடு விளக்கேற்றியவள் அவள். நான் எழும்பினேன். பின்பக்கக் கொட்டிலுக்குப் போய் அங்கே கிடந்த இரண்டு மூட்டைகளில் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, வாய்க்கட்டை அவிழ்த்து, ஒரு சிரட்டையை எடுத்து மண்குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுதான்" என்றேன் டொச்சில். பிறகு மனைவியிடம் தமிழில்: "அவ விறகைக் கேக்கேல்லை. வேற என்ன எரிச்சனியள் எண்டு கேட்டவ. நான்தான் மாத்திச் சொன்னனான். இது எரிக்கக்கூடாதெண்டு எனக்கு முதலே தாள் தந்தது. லாச்சிக்குள்ள கிடக்கு."

மனைவி சிரட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு வாயில்லை எண்டு ஊருக்கே தெரியும்" என்றாள். "ஆனா என்ர விளக்கைச் சொல்லேக்க மட்டும் எங்கயிருந்து வந்தது அந்த வாய்?"



அந்தப் பெண் சிரட்டையைக் கையில் எடுத்துத் திருப்பினார். மூன்று கண்ணையும் விரலால் தடவினார். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளையைச் சுரண்டி மணந்தார். "எவ்வளவு இறுக்கம்" என்றார் மெதுவாக, ஏதோ நகையைப் பார்ப்பவர்போல. பிறகு வளையாத எவர்சில்வர் குழாயைப் பைக்குள் திருப்பி வைத்தார். வளையும் குழாயையும் வைத்தார். மேசையில் மண்குழாய் மட்டும் நின்றது.

"சொன்னது நல்லது" என்றார். "இது மிகவும் சூடாக எரியும். இதில் எண்ணெய் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. உங்கள் சுவர் அதைக் குடித்துவிட்டது. எவ்வளவு சுரண்டினாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த ஈரத்தில் எவர்சில்வருக்கு வெளிப்பக்கத்தால் ஊசித் துளை விழும். நாலைந்து வருடத்தில் யாருக்கும் தெரியாமல் விழும். அந்தத் துளையால் வருகிற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆனால் ஆளைக் கொன்றுவிடும். சுட்ட மண்ணுக்கு உப்பு ஒரு பொருட்டல்ல."

துளை என்ற இடத்தில் மனைவி தோள் துணியில் குத்தியிருந்த ஊசியைக் காட்டினார். அந்த அறையில் அடுப்புக்குக் கிட்ட இருந்து தைப்பவள் யார் என்று எனக்குத்தான் தெரியுமே.

மண்குழாய்க்கு வேலை அதிகம். பழைய தாரைக் கடைந்து எடுக்க வேண்டும். தாங்கி வைக்க மேல்மாடிச் சுவரைத் திறக்க வேண்டும், அதுவும் சாமி அறையில். கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வெந்து காலத்துக்கு முன் முடியும் என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. சம்மதமோ என்று மனைவியிடம் கேட்டேன்.

"சாமி என்ர தையல் அறைக்கு வரட்டும். ரெண்டு பேரும் சேந்து குளிருவம்" என்றாள்.

அந்தப் பெண் அறிக்கை எழுதினார். கையெழுத்து வைக்க முன் என் பக்கம் திருப்பிக் காட்டினார். பொருத்தமில்லாத எரிபொருள், வீட்டுக்காரரோடு பேசப்பட்டது, இனி இல்லை. மூன்று வரிதான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் விடுவதும் ஒரு தொழில்தான் என்று அன்று நினைத்தேன்.

அண்ணை தன் சுருளை எடுக்க வந்தார். "உண்மை சொல்லப் போய்ச் சுவரையும் உடைக்கப் போறாய். பேசாமல் இருந்திருக்கலாமே. உனக்கு அது வழக்கம்தானே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த தடவை அவர் வீட்டு அடுப்பைப் பார்க்கவும் அந்தப் பெண்ணையே கூப்பிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஒக்டோபர் முழுவதும் மனைவி விரல் நுனி வெட்டிய கையுறையோடு இருந்தாள். வெந்நீர்ப் போத்தலைப் பிடித்தபடி இரண்டு கலியாணச் சட்டைகளைத் தைக்காமலே திருப்பி அனுப்பினாள். நவம்பரில் வேலையாட்கள் இருவர் வந்து, கூடு முழுவதையும் கடைந்து, மண்குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கயிற்றில் இறக்கினார்கள். கடைசி நாள் அந்தப் பெண் சரிபார்க்க வந்தார். ஒவ்வொரு பொருத்தையும் கமராவால் பார்த்தார். கூரையில் ஏறி, தலைப்பைக் கையால் அசைத்தார். அது அசைந்தது. மேலேயிருந்தே மனைவியைக் கூப்பிட்டு, "இளக்கம் இருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னார்.

பிறகு கீழே வந்து, அடுப்பை மூட்டும்படி மனைவியிடம் சொன்னார். நாலு துண்டுக் காய்ந்த விறகு. புகை ஒரு கணம் தயங்கி, பிறகு மேலே இழுபட்டுப் போனது. அந்தப் பெண் மேல்மாடிச் சுவரில் கையை வைத்தபடி அரை மணி நேரம் நின்றார். அவர் திரும்பி வந்தபோது மனைவி அடுப்புக்கு முன்னால் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கட சட்டையைக் கழற்றித் தாங்கோ" என்றாள் தன் டொச்சில். அக்குளில் லைனிங் கிழிந்து தொங்கியதை அவள் முதல் நாளே கண்டிருந்தாளாம். அந்தப் பெண் கறுப்புச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மனைவி ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே கோத்தாள். கொஞ்சம் இளக்கம் விட்டுத் தைத்தாள். தைத்து முடியும் வரை அந்தப் பெண் கரி படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்காமல் மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மழை. நான் சிரட்டை மூட்டை இரண்டையும் நகரக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மனைவி ஐந்து திரி வைத்து விளக்கேற்றிவிட்டு, ஒரு சட்டைக்குக் கை பொருத்தி முடித்தாள்.